படம் பிடிப்பவருக்கு எந்தப் பந்தி?

(ஜூலை 30 தியாகிகள் தினத்தையொட்டி வில்லியனூர், பாகூர் பகுதி ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே, தாய்மார்களே, காமிராப் பையைத் தோளில் மாட்டியபடி பின்வரிசையில் நிற்கும் தம்பிகளே!

வருஷா வருஷம் இந்த நாளில் நாம் கூடுகிறோம். 1936-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி பிரெஞ்சு சர்க்காரின் துப்பாக்கிக்கு மார்பு காட்டி மாண்ட 12 ஆலைத் தொழிலாளர்களின் பெயரைச் சொல்கிறோம். தோழர் வ. சுப்பையாவின் தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தை நினைக்கிறோம். 1937-ல் எட்டு மணி நேர வேலை சட்டமானதைப் பெருமையோடு சொல்லிக் கொள்கிறோம். இந்த வருஷம் இந்த மேடையில் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொன்னபோது, கமிட்டியில் ஒரு மூத்த தோழர் சிரித்துவிட்டார். “பன்னிரண்டு பேர் உயிர் கொடுத்த நாளில் பந்திச் சாப்பாட்டுப் பேச்சா?” என்று கேட்டார்.

கேட்டது நியாயந்தான். ஆனால் அந்தப் பன்னிரண்டு பேர் என்ன கேட்டார்கள்? வேலைக்கு ஒரு கணக்கு வேண்டும் என்று கேட்டார்கள். விடிவதற்கு முன் உள்ளே போனவன் எப்போது வெளியே வருவான் என்பதற்கு ஒரு நேரம் வேண்டும் என்று கேட்டார்கள். நேரம் என்றால் என்ன தோழர்களே? கடிகாரத்து முள்ளா? உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்ன நேரம், உடம்பைக் கீழே சாய்க்க நேரம். அதைத்தான் கேட்டார்கள். ஆகையால் இன்றைய பேச்சு இந்த நாளுக்குப் பொருந்தாத பேச்சல்ல.

இன்னொரு காரணமும் உண்டு. இது ஆடி மாதம். முகூர்த்தம் கிடையாது. அதனால்தான் கல்யாணத்தில் படம் எடுக்கும் தம்பிகள் இத்தனை பேர் இங்கே வர முடிந்தது. தையிலோ வைகாசியிலோ கூப்பிட்டிருந்தால் ஒருவர்கூட வந்திருக்க மாட்டார். அவர்களுக்கு இது வேலையில்லாத மாதம்; கடனுக்கு வாங்கிய காமிராவுக்குத் தவணை மட்டும் ஆடி என்றும் ஆவணி என்றும் பார்க்காது.

இந்தத் தம்பிகள் யார்? வேறு யாருமல்ல, நம் வீட்டுப் பிள்ளைகள். ரோடியர் மில் என்று நாம் அழைத்த ஏ.எப்.டி., சுதேசி, பாரதி - மூன்று ஆலைகளும் 2020-ல் மூடப்பட்டன. அப்பன் வேலை செய்த மில்லில் பிள்ளைக்கு வேலை என்ற காலம் அதற்கும் வெகு முன்பே போய்விட்டது. பாகூர் ஏரிப் பாசனத்தில் நாற்றுப் பிடுங்கிய தாயின் மகனுக்கும் வயலில் வருஷம் முழுவதும் வேலையில்லை. பட்டணத்துக்குக் கம்பெனி வேலைக்குப் போனவர்கள் போக, மிச்சமிருந்தவர்களில் சிலர் காமிராவைப் பிடித்தார்கள். சொந்தமாகக் காமிரா வாங்க முடியாதவன் லைட்டைப் பிடித்தான். மில்லுக்குள் போகாத மில் தொழிலாளி மகன் இன்று மண்டபத்துக்குள் போகிறான். மில்லில் சாப்பாட்டுக்குச் சங்கு ஊதும். மண்டபத்தில் சங்கு கிடையாது.

நாம் நேரில் பார்த்ததைச் சொல்கிறோம்.

சென்ற தையில் வில்லியனூர் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாணம். பெண்ணின் தகப்பனார் நமது தோழர்; இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் தறி ஓட்டியவர்; கதவடைப்புகளையும் வேலைநிறுத்தங்களையும் பார்த்தவர். பெயர் வேண்டாம். அவரே “என் கதையைச் சொல்லுங்கள், பெயரைச் சொல்லாதீர்கள்” என்றார். ஒரே பெண். கையிலிருந்த பணம், கடன் வாங்கிய பணம் எல்லாவற்றையும் போட்டு நல்லபடியாகத்தான் செய்தார். சமையல் கான்ட்ராக்ட், அலங்காரம் கான்ட்ராக்ட், போட்டோ வீடியோ ஒரு ஸ்டூடியோவுக்குக் கான்ட்ராக்ட்.

படம் எடுக்க நான்கு பேர் வந்தார்கள். போட்டோ எடுப்பவர் ஒருவர், வீடியோ எடுப்பவர் ஒருவர், ‘கேண்டிட்’ என்று சொல்கிறார்களே, யாரும் பார்க்காதபோது எடுப்பது, அதற்கு ஒருவர், லைட் பிடிக்க ஒரு பையன். அந்தப் பையனுக்கு வயது பத்தொன்பது இருக்கும். பாகூர்ப் பக்கத்துப் பிள்ளை. தாயார் நடவுக்குப் போகிறவர்.

மாலை நான்கு மணிக்கு வந்தார்கள். ஒயர் இழுத்து, லைட் கட்டி, பெண்ணுக்கு அலங்காரம் நடக்கும்போதே படம் எடுக்க ஆரம்பித்தார்கள். ஆறரைக்கு வரவேற்பு. மேடைக்கு முன் ஜனங்கள் வரிசையாக நின்றார்கள். மொய்க் கவரைக் கொடுத்து, கைகுலுக்கி, காமிராவைப் பார்த்துச் சிரித்து, இறங்கிச் சாப்பிடப் போனார்கள். ஒரு குடும்பம் இறங்கினால் அடுத்த குடும்பம் ஏறுகிறது. இதில் காமிராக்காரர் எந்தக் குடும்பத்தை விட்டுவிட்டுச் சாப்பிடப் போவார்? விட்டுப்போன குடும்பம் மறுநாளே “எங்களைப் படம் எடுக்கவில்லை” என்று சண்டைக்கு வரும். லென்சோடு சேர்ந்த காமிரா ஒன்று இரண்டரைக் கிலோ இருக்கும். அதைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்தபடி நாலு மணி நேரம் நின்றார். லைட் பிடிக்கும் பையன் கம்பின் நுனியில் விளக்கைத் தூக்கிக்கொண்டு நின்றான்; வயலில் வேலை செய்பவர்களுக்கு அந்தக் கை எப்படி வலிக்கும் என்று தெரியும்.

பத்தரைக்கு வரிசை தீர்ந்தது. மாடியில் சாப்பாட்டுக் கூடத்தில் மேஜையைத் துடைத்துக் காகிதத்தைச் சுருட்டியாகிவிட்டது. அண்டாவில் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. நான்கு பேரும் எட்டிப் பார்த்தார்கள், இறங்கி வந்தார்கள். அவ்வளவுதான். ஒரு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கு நாலு எடுத்துக்கொண்டு, ஜெனரேட்டர் பக்கத்துக் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு, மண்டபத்துத் தரையில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தார்கள்.

விடியற்காலம் மூன்று மணிக்கு எழுப்பினார்கள். நலங்கு, காப்புக் கட்டு, மாப்பிள்ளைக்கு மாலை. ஆறரைக்குத் தாலி. தாலி கட்டும் அந்த ஒரு நிமிஷம் தவறினால் திரும்ப வராது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். காமிராக்காரருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தாலி ஏறியதும் ஜனங்கள் எல்லாம் இட்லி, பொங்கல், வடை என்று பந்திக்கு ஓடினார்கள். காமிராக்காரர் ஓடவில்லை. அப்போதுதானே குடும்பப் படம்! தாய்மாமன் ஒரு படம், சித்தப்பா வகை ஒரு படம், கம்பெனியில் கூட வேலை செய்பவர்கள் ஒரு படம்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. “பந்தியையும் ஒரு சுற்று எடுத்துவிடு தம்பி” என்றார் ஒரு பெரியவர். எடுத்தார்கள். இலை இலையாக எடுத்தார்கள். பொங்கலில் நெய் வழிவதை எடுத்தார்கள், கேசரியை எடுத்தார்கள். முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு சோற்றைப் பார்க்காத நான்கு பேர், முந்நூறு பேர் சாப்பிடுவதைப் படம் எடுத்தார்கள். பந்தியில் உட்கார்ந்திருந்த ஒருவர், “வாயில் வைக்கும்போதா எடுப்பார்கள், மரியாதை தெரியாதவர்கள்” என்று முணுமுணுத்தார். உண்மையைச் சொல்லிவிடுகிறோம். முணுமுணுத்தது நாம்தான்.

பத்தே முக்கால் இருக்கும். பெண்ணின் தகப்பனார் வந்தார். “என்னப்பா, சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். மூத்த காமிராக்காரர், “ஆச்சுங்கய்யா” என்றார். லைட் பையன் தலையைக் குனிந்துகொண்டான். ஏன் பொய் சொன்னார்? சோறு கேட்டு நிற்க மானம் இடம் கொடுக்கவில்லை. நம் ஜனங்களின் குணம் அது.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர்தான் வாய் திறந்தார். “எங்க ஆச்சு? இந்தப் புள்ளைங்க ராத்திரியிலிருந்து ஒண்ணும் தின்னலீங்க. பிஸ்கட்டத் தின்னுட்டுத் தண்ணி குடிச்சத நான் பாத்தேன்” என்றார். தோழர் அந்த அம்மாளைப் பார்த்து, “நீ சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டார். அந்த அம்மாள் சிரித்துவிட்டு அண்டாவைத் தேய்த்தார்.

நமது தோழர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். “மில்லில் கேன்டீன் சோறு சரியில்லை என்று கேட்டை மறித்து நின்றவன் நான்” என்றார். உடனே எழுந்து மாடிக்குப் போய் நான்கு இலை போடச் சொன்னார். சமையல் கான்ட்ராக்டின் மேஸ்திரி, “டிபன் இலைக் கணக்கு முடிந்துவிட்டது, மதியம் பன்னிரண்டுக்குத்தான் அடுத்த பந்தி” என்றார். கணக்கை விட்டுக்கொடுக்க அவருக்கும் அதிகாரமில்லை. அவரும் கூலி ஆள்தான். கடைசியில் பக்கத்து ஓட்டலிலிருந்து பார்சல் வந்தது. மேடைக்குப் பின்னால் நின்றபடி தின்றார்கள். அப்போது மணி பதினொன்றரை.

கணக்குப் போடுவோம். மாலை நான்கிலிருந்து பத்தரை வரை ஆறரை மணி நேரம். மூன்றிலிருந்து பதினொன்றரை வரை எட்டரை மணி நேரம். மொத்தம் 15 மணி நேர வேலை, நடுவில் நாலு பிஸ்கட். 1936-ல் நம் பெரியவர்கள் எந்த நாளை எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்களோ, அந்த நாளைவிட இது எந்த விதத்தில் மேல்?

இதற்கு யார் பொறுப்பு? ஸ்டூடியோ முதலாளியைக் கேட்டால், “சாப்பாடு கல்யாண வீட்டார் போடுவார்கள், அதனால்தான் படியில் சேர்க்கவில்லை” என்பார். கல்யாண வீட்டாரைக் கேட்டால், “மொத்தமாகப் பேசிப் பணம் கொடுத்துவிட்டோமே, ஸ்டூடியோ பார்த்துக்கொள்ளாதா?” என்பார். சமையல்காரரைக் கேட்டால் இலைக் கணக்கைக் காட்டுவார். மூன்று பேரும் சொல்வது பொய்யல்ல. மூன்றுக்கும் நடுவில் ஒருவன் வயிறு காய்கிறது. கான்ட்ராக்ட் முறை வந்தால் இப்படித்தான். மில்லில் கான்ட்ராக்ட் வந்தபோதும் இதையேதான் பார்த்தோம். வேலை வாங்க ஐந்து பேர், விசாரிக்க ஒருவரில்லை.

முன்பெல்லாம் கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பது என்று ஒன்று இருந்தது. தாய்மாமனோ பெரியப்பாவோ துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒவ்வொரு இலையாகக் கேட்டு வருவார். இன்று அவரும் விருந்தாளியாக வந்து மொய் வைத்துவிட்டுப் போகிறார். பழைய காலம் பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை. அந்தப் பந்தி விசாரணை யார் வரைக்கும் வந்தது? பறை அடித்தவர் வரை வந்ததா? சவரம் செய்தவர், துணி வெளுத்தவர், பந்தல் போட்டவர் வரை வந்ததா? அவர்களுக்கெல்லாம் கொல்லைப்புறம். எல்லோரும் உண்டு எழுந்த பிறகு, மிஞ்சியது எதுவோ அது, அவரவர் கொண்டு வந்த பாத்திரத்தில். கல்யாணத்தை நடத்திக் கொடுக்கும் கைகள் கடைசியில்தான் உண்ண வேண்டும் என்பது நம் கிராமத்தின் பழைய சட்டம். அதை எழுதியது சர்க்காரல்ல, சாதி. இந்தக் காமிராக்காரத் தம்பிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் விலை உயர்ந்த காமிராவோடு வந்தவனையும் அந்தப் பழைய வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டோம். ஆள் புதிது, இடம் பழையது.

எந்தப் பந்தி, யாருக்கு முதல் இலை என்பது சின்ன விஷயமென்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டு அரசியலையே குலுக்கிய கேள்வி அது. வ.வே.சு. ஐயர் இந்தப் புதுச்சேரியில் சுமார் பத்து வருஷம் அடைக்கலமாக இருந்தவர், வெள்ளைக்காரனை எதிர்த்தவர், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. இரண்டே இலைதான். 1924, 25-ம் வருஷங்களில் பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்துக் கிளம்பினார்கள். தமிழ்நாடு காங்கிரஸ் இரண்டுபட்டது. இலை போடும் இடத்தில்தான் மனிதனை மனிதன் எப்படி மதிக்கிறான் என்பது வெளிச்சமாகிறது.

நமது விஷயத்துக்கு வருவோம். முதலாளியை எதிர்த்துப் பேசுவது நமக்குப் பழக்கம், சுலபம். இங்கே கஷ்டம் என்னவென்றால், அந்த இரண்டு நாளைக்கு முதலாளி நாம்தான்! மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும்தான் தன் பெண்ணின் கல்யாணத்தில் பத்துப் பதினைந்து பேரிடம் வேலை வாங்குகிறார். அந்த இரண்டு நாளில் நாம் எப்படிப்பட்ட முதலாளியாக இருந்தோம்? இதைக் கேட்டுக்கொள்ளாமல் ஜூலை 30-ல் மாலை போடுவதில் என்ன அர்த்தம்?

“பேசின பணத்தைக் கொடுத்துவிட்டோமே, அப்புறம் சாப்பாடு எதற்கு?” என்று சிலர் கேட்கிறார்கள். அந்தப் பணம் ஸ்டூடியோவுக்குப் போகிறது. லைட் பையனுக்கு அதில் கிடைப்பது நாள் கூலி. வயலில் சாப்பாட்டோடு கூலி, சாப்பாடில்லாத கூலி என்று இரண்டு வகை பேசுகிறோமே, அதைப் பேசாமல் யாராவது வரப்பில் இறங்குகிறோமா? இங்கே இரண்டும் பேசப்படுவதில்லை. பேசாமல் விட்டால் அது யாருக்கு லாபமோ அவர்கள் பக்கம் சாயும்.

“இலை ஒன்றுக்கு இவ்வளவு என்று சமையல்காரர் கணக்குப் போடுகிறார், நாலு இலை கூடிவிடுமே” என்கிறார்கள். ஐநூறு இலை விழும் கல்யாணத்தில் ஐந்து இலை, நூற்றுக்கு ஒன்று. வராத விருந்தாளிக்காகச் சமைத்துக் குப்பையில் கொட்டுவது அதைவிட எத்தனையோ மடங்கு.

“அவர் சாப்பிடப் போன நேரத்தில் முக்கியமான படம் போய்விட்டால்?” என்பது ஒன்றுதான் யோசிக்க வேண்டிய ஆட்சேபம். இதற்குத் தம்பிகளே பதில் சொன்னார்கள். நான்கு பேர் ஒரே நேரத்தில் போக வேண்டாம், முறை வைத்துப் போகலாம். காமிராப் பைக்குக் காவலும் ஆயிற்று. விடியற்காலம் நலங்குக்கு முன் அடுப்படியில் இட்லி வெந்துகொண்டுதான் இருக்கிறது. அதில் நாலு இட்லி முன்கூட்டியே எடுத்து வைத்தால் போதும். தாலி கட்டும் நேரத்தில் கை நடுங்காது. பசித்தவன் கை நடுங்கினால் படமும் நடுங்கும், அந்தப் படத்தை நாம் அறுபது வருஷம் பார்க்க வேண்டும்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? 1948-ம் வருஷத்து பாக்டரிச் சட்டத்தின் 55-வது பிரிவு, ஒரு தொழிலாளியிடம் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அதற்குள் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும் என்றது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் வைக்க 46-வது பிரிவு வழி செய்தது. அந்தச் சட்டத்தையும் சேர்த்து 29 தொழிலாளர் சட்டங்களைச் சுருட்டி நான்கு தொகுப்பாக்கி 2025 நவம்பரில் மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டு வந்தது. அதை எதிர்த்து நாம் செய்யும் கிளர்ச்சி வேறு மேடைக்குரியது. இங்கே சொல்ல வந்தது ஒன்றுதான்: பழைய சட்டமானாலும் புதிய தொகுப்பானாலும் கல்யாண மண்டபத்தைப் பாக்டரி என்று பார்த்ததில்லை. இரண்டு நாள் கூடிக் கலையும் இடத்துக்கு இன்ஸ்பெக்டர் வரமாட்டார்.

சட்டம் வராத இடத்துக்குச் சங்கம் போயிருக்கிறது. அமெரிக்காவில் சினிமாத் தொழிலாளர் சங்கங்கள் போட்ட ஒப்பந்தங்களில், வேலை தொடங்கி 6 மணி நேரத்துக்குள் சாப்பாட்டுக்கு விட வேண்டும், தவறினால் தண்டத் தொகை கொடுக்க வேண்டும் என்று விதி உண்டு. நம் தமிழ் சினிமாவிலும் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியதில் முன்னின்றவர் யார்? ஒரு காமிராக்காரர்! வங்காளத்திலிருந்து சென்னைக்கு வந்த நிமாய் கோஷ். தோழர்கள் சேர்ந்து 1960-ல் வெளியிட்ட ‘பாதை தெரியுது பார்’ படத்தை இயக்கியவர் அவர்தான். இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனும் அவரும் சேர்ந்து, லைட் தூக்குகிறவர் முதல் வாத்தியம் வாசிக்கிறவர் வரை சங்கமாக வேண்டும் என்று பாடுபட்டார்கள். சினிமாக் கம்பெனிகளில் பெரிய நடிகருக்கு ஒரு சாப்பாடு, லைட் மேனுக்கு ஒரு சாப்பாடு என்றிருந்ததும், தம் படங்களில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு போட்டவர் என்று நடிகர் விஜயகாந்தைத் தொழிலாளர்கள் இன்றும் சொல்வதும் உங்களுக்குத் தெரிந்த கதை. அவருடைய அரசியல் வேறு. சோற்றில் அவர் செய்தது நல்ல காரியம்.

இன்னொரு கதை. 2021-ல் அமெரிக்காவிலிருந்து ஒருவர் தம் பெயர் சொல்லாமல் எழுதியது உலகமெங்கும் பத்திரிகைகளில் வந்தது. நாய்களுக்கு முடி வெட்டிச் சீர் செய்வது அவர் தொழில். சிநேகிதர் கல்யாணத்துக்கு 250 டாலருக்குப் படம் எடுக்க ஒப்புக்கொண்டார். காலை பதினொன்றுக்கு ஆரம்பித்த வேலை. நல்ல வெயில். மாலை ஐந்து மணிக்கு விருந்து பரிமாறினார்கள். அவருக்கு மேஜையில் இடமே வைக்கவில்லை. சற்று உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றதற்கு, “படம் எடு, இல்லாவிட்டால் பணமில்லாமல் போ” என்றாராம் மாப்பிள்ளை. அவர் கண் முன்னாலேயே எடுத்த படங்களையெல்லாம் அழித்துவிட்டு இவர் போய்விட்டார்.

இந்தக் கதையைச் சொன்னபோது நம் தம்பிகளில் இருவர் கைதட்டினார்கள். அந்தக் கோபம் நமக்குப் புரிகிறது. இங்கிலாந்தில் 1811-ம் வருஷத்தையொட்டி நெசவாளிகள் இரவில் போய் இயந்திரங்களை உடைத்தார்களே, அதே கோபம். ஆனால் உடைத்த மறுநாள் அவர்களுக்குச் சோறு வந்ததா? படத்தை அழித்தால் போவது ஒரு பெண்ணின் கல்யாண நாள். அந்தப் பெண் நடவாளின் மகளாக இருக்கலாம். அடுத்த கல்யாணத்தில் அடுத்த காமிராக்காரர் அதே பிஸ்கட்டைத் தின்பார். ஒருவர் கோபித்துக்கொண்டு போவதால் வராதது, நாற்பது பேர் ஒரே வார்த்தை சொன்னால் வரும். அட்வான்சு வாங்குவதற்கு முன்னால் சொல்ல வேண்டும், அதுதான் முக்கியம். அட்வான்சு கை மாறிய பிறகு கேட்டால் அது பிச்சை போலாகிவிடும்.

ஒரு கிளைக்கதை சொல்லிக்கொள்ள அனுமதியுங்கள். படம் பிடிக்கும் ஆரம்ப கால வித்தைகளில் ஒன்றை பிரெஞ்சுக்காரர் டாகேர் கண்டுபிடித்தார். 1839 ஆகஸ்ட் 19-ல் பாரிசில் அதை உலகத்துக்கு வெளியிட்டார்கள். அந்த நாளைத்தான் போட்டோக்காரர்கள் தங்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஆவணி முகூர்த்தம் குறுக்கிட்டால் கொண்டாடுவதுமில்லை. அந்த வித்தைக்காக பிரெஞ்சு சர்க்கார் டாகேருக்கு ஆயுள் முழுக்கப் பென்ஷன் கொடுத்தது. 97 வருஷம் கழித்து அதே பிரெஞ்சு சர்க்கார் நம் ஆலைத் தொழிலாளிக்கு என்ன கொடுத்தது என்பதைத்தான் இன்று நினைவு கூர்கிறோம். வித்தையைக் கண்டுபிடித்தவருக்குப் பென்ஷன், அந்த வித்தையால் பிழைப்பவனுக்கு ஜெனரேட்டர் பக்கத்துக் குழாய்த் தண்ணீர்!

சரி, செய்யப் போவது என்ன? சென்ற மாதம் தம்பிகள் பதினெட்டுப் பேர் பாகூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினார்கள். நாமும் இருந்தோம். ஸ்டூடியோக்களில் ஆர்டர் எழுதும் பில் புத்தகம் இருக்கிறதல்லவா, அதில் எத்தனை ஆல்பம், எத்தனை படம், எத்தனை மணி நேர வீடியோ என்றெல்லாம் அச்சிட்டிருக்கிறது. சாப்பாடு என்ற வார்த்தை இல்லை. அதில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: வரும் ஆட்கள் இத்தனை பேர், இரவு எட்டு மணிக்கும் விடியற்காலம் முகூர்த்தத்துக்கு முன்பும் முறை வைத்து, விருந்தாளிகளுக்குப் போடும் அதே சாப்பாடு, கல்யாண வீட்டில் இதற்குப் பொறுப்பானவர் இன்னார். மூன்றும் இருக்க வேண்டும். நேரம் எழுதாவிட்டால் பதினொன்றரைக்கும் போடலாம். ஆள் பெயர் எழுதாவிட்டால் பழையபடி மூன்று பேரும் மூன்று பக்கம் கை காட்டுவார்கள். சாப்பாடு போட முடியாத கல்யாண வீடும் இருக்கும். கோயிலில் தாலி கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஏழை வீடு. அங்கே ஸ்டூடியோதான் படி கொடுக்க வேண்டும் என்று எழுத வேண்டும். ஸ்டூடியோ வைத்திருப்பவர்களில் இரண்டு பேர் இதற்கு ஒப்புக்கொண்டார்கள். அவர்களும் ஒரு காலத்தில் லைட் பிடித்தவர்கள். மற்றவர்கள் யோசிக்கிறார்கள். ஒருவர், “சாப்பாடு என்று எழுதினால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும்” என்று வெளிப்படையாகவே சொன்னார். எல்லோரும் எழுதினால் யாருக்குப் போகும்?

தம்பிகளுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். முறை வைத்துப் போனவர் கால் மணியில் திரும்ப வேண்டும். கல்யாண வீட்டில் மது வாடையோடு நிற்கக் கூடாது. முக்கியமாக, மூத்த காமிராக்காரர் தாம் மட்டும் பந்தியில் உட்கார்ந்துவிட்டு லைட் பையனைப் பைக்குக் காவல் வைக்கக் கூடாது. இது நடக்கிறது. நடப்பதை நாம் மறைக்க மாட்டோம்.

அந்தத் திண்ணைக் கூட்டத்தில் லைட் பிடிக்கும் அந்தப் பத்தொன்பது வயதுப் பையனும் இருந்தான். முழு நேரமும் வாய் திறக்கவில்லை. எல்லாம் எழுதி முடித்த பிறகு, “பாத்திரம் கழுவுற அம்மாவுக்கு எந்தப் பில் புத்தகத்துல எழுதறது?” என்று கேட்டான். மூன்று மணிக்கே வந்து பெண்ணுக்கு அலங்காரம் செய்யும் பெண்கள், மேளக்காரர்கள், இலை எடுப்பவர்கள் - இவர்களில் பலருக்குப் பில் புத்தகமே கிடையாது. அவனுக்கு நாம் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கூட்டத்தில் அதை வைக்கிறோம். மண்டபத்தில் துப்புரவு செய்பவர்கள், சமையல் கான்ட்ராக்டில் கூலிக்குப் போகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களில் ஐந்து பேராவது இன்று பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். உங்களை வைத்துத்தான் அடுத்த கூட்டம்.

ஆவணி பிறக்க இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. முதல் முகூர்த்தத்துக்குள் புது பில் புத்தகங்கள் அச்சாகி ஸ்டூடியோக்களுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆவணியில் பெண்ணுக்கோ பிள்ளைக்கோ கல்யாணம் வைத்திருப்பவர்கள் கை தூக்குங்கள்... ஏழு பேர். நல்லது. கூட்டம் முடிந்ததும் அந்த ஏழு பேரும் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள், தம்பிகள் காத்திருக்கிறார்கள். அச்சுக் கூலிக்காக இப்போது உண்டியல் சுற்றி வருகிறது.